பாறையில் பொன்: கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்



அறிவியலைத் தமிழில், பொதுமக்கள் முன்னிலையில் பேச வேண்டும் என்ற விருப்பத்தோடு நிறுவப்பட்ட அறக்கட்டளையின் சொற்பொழிவு இது. எனவே, தமிழ்நாட்டில் எல்லா வீட்டிலும் பேசப்படும் ஒரு பொருளையே எடுத்துக்கொண்டேன். தங்கத்தைப் பற்றி நம் மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சவரன் விலை, செய்கூலி, சேதாரம், 916 முத்திரை ஆகியவை தெரியாத குடும்பம் இல்லை. ஆனால் இவையெல்லாம் உருக்கிச் சுத்திகரித்த பிறகு வரும் தங்கத்தைப் பற்றிய அறிவு. உலையில் உருகும்போது தங்கம் தான் பிறந்த இடத்தின் அடையாளங்களை இழந்துவிடுகிறது. நான் பேச வந்தது அதற்கு முந்தைய தங்கத்தைப் பற்றி. பாறையிலும் ஆற்று மணலிலும் இயற்கையாகக் கிடக்கும் கனிமமான தங்கத்தைப் பற்றி.

ஒரு கல்லில் மஞ்சளாக ஏதோ மின்னுகிறது. அதை எடுத்தவர் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். இது தங்கமா? தங்கம் என்றால், இங்கே எப்படி வந்தது? எடுக்கும் அளவுக்கு இருக்கிறதா? முதல் கேள்வியோடு நின்றுவிட்டவர்களும் இரண்டாவது கேள்வியைத் தாண்டிக் குதித்தவர்களும் பெரும் நட்டப்பட்டிருக்கிறார்கள். பளபளப்பை நம்பாமல் சான்றைக் கேட்கும் பழக்கத்தைத் தங்கத்தைப் போலக் கற்றுத்தரும் கனிமம் வேறில்லை என்பது என் உறுதியான எண்ணம். அதைத்தான் இன்று உங்கள் முன் வைக்கப் போகிறேன்.

இது தங்கமா?

1576இல் இங்கிலாந்தின் மார்ட்டின் ஃப்ரோபிஷர், ஆசியாவுக்கு வடமேற்கு வழியாகக் கடல்வழி தேடிப் போனார். வழி கிடைக்கவில்லை. இன்றைய கனடாவின் பாஃபின் தீவுப் பகுதியிலிருந்து ஒரு கருங்கல் துண்டு மட்டும் லண்டன் வந்து சேர்ந்தது. அதைச் சோதித்தவர்கள் ஒன்றுமில்லை என்றார்கள். பிறகு ஒருவர் தங்கம் இருக்கிறது என்றார். ‘இல்லை’ என்ற சொற்களை விட்டுவிட்டு ‘உண்டு’ என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். அரசி முதலாம் எலிசபெத்தும் பணம் போட்டார். 1578இல் 15 கப்பல்கள் போய், ஆயிரம் டன்னுக்கு மேல் கல்லை வெட்டி ஏற்றி வந்தன. இங்கிலாந்தின் டார்ட்ஃபோர்டில் உலைகள் கட்டி உருக்கிப் பார்த்தார்கள். தங்கம் வரவில்லை. அது ஹார்ன்பிளெண்ட் நிறைந்த சாதாரணப் பாறை. பணம் திரட்டிய மைக்கேல் லோக் கடனாளியாகிச் சிறை சென்றார். அந்தக் கற்களில் சில டார்ட்ஃபோர்டின் பழைய மதிலில் இன்றும் இருக்கின்றன.

இதற்கு நேர் எதிரான நிகழ்ச்சி 1848 ஜனவரி 24 அன்று கலிஃபோர்னியாவின் கொலோமாவில் நடந்தது. அமெரிக்கன் ஆற்றின் தென்கிளையில் ஒரு மர அறுவை ஆலை கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆலைச் சக்கரத்தைச் சுழற்றிய நீர் வெளியேறும் வாய்க்காலில், ஜேம்ஸ் மார்ஷல் மஞ்சள் துகள்களைக் கண்டார். அவர் கனிமவியல் படித்தவரல்லர், தச்சர். ஆனால் செய்தது முழுக்க அறிவியல். ஒரு துகளைக் கல்லின் மேல் வைத்து இன்னொரு கல்லால் அடித்தார். அது நொறுங்கவில்லை, தட்டையானது. ஆலைத் தொழிலாளருக்குச் சமைத்துப் போட்ட ஜென்னி விம்மர், சோப்புக் காய்ச்சும் காரநீரில் அதைப் போட்டு வேகவிட்டார். நிறம் மாறவில்லை. பிறகு மார்ஷல் அதை முதலாளி ஜான் சட்டரிடம் கொண்டுபோனார். இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு நைட்ரிக் அமிலத்தை விட்டுப் பார்த்தார்கள். கரையவில்லை. தராசின் ஒரு தட்டில் துகள்களையும் மறு தட்டில் சம எடைக்கு வெள்ளியையும் வைத்து, இரண்டு தட்டுகளையும் தண்ணீரில் இறக்கினார்கள். துகள்கள் இருந்த தட்டு தாழ்ந்தது. அப்போதுதான் தங்கம் என்று முடிவு செய்தார்கள்.

இங்கிலாந்தின் அரசவையும் வணிகரும் சேர்ந்து செய்யத் தவறியதை ஒரு தச்சரும் ஒரு சமையல்காரப் பெண்மணியும் ஒரு பண்ணை முதலாளியும் செய்து காட்டினார்கள். அவர்கள் கல்லிடம் நான்கு விதமாகக் கேட்டார்கள், நான்குக்கும் ஒரே விடை வந்தது. கனிமத்தை இனம் காணும் முறை இன்றும் இதுதான். எந்த ஒரு சோதனையும் தனியாகப் போதாது. பல சோதனைகள் ஒரே திசையைக் காட்ட வேண்டும்.

தங்கமென்று நம்மை ஏமாற்றும் கனிமங்கள் முக்கியமாக மூன்று. முதலாவது பைரைட். இரும்பும் கந்தகமும் சேர்ந்தது, பித்தளை மஞ்சள் நிறம், பெரும்பாலும் கனசதுரப் படிகமாக இருக்கும். இரண்டாவது சால்கோபைரைட். அதில் செம்பும் உண்டு. நிறம் இன்னும் ஆழ்ந்த மஞ்சள், காற்றுப்பட்டால் மயில்கழுத்துப் போல நிறம் காட்டும். மூன்றாவது, நம் ஊர்ப் பிள்ளைகள் ஓடை மணலில் பொறுக்கி விளையாடும் காக்காப்பொன், அதாவது மைக்கா. கருப்பு மைக்கா மழையிலும் வெயிலிலும் சிதைந்து பொன்னிறமாகும்போது நல்ல கண்ணையும் ஏமாற்றிவிடும்.

கண்ணால் பார்ப்பதில்கூட ஒரு முறை இருக்கிறது. கல்லைக் கையில் வைத்துத் திருப்பிப் பாருங்கள். பைரைட்டின் முகங்களும் மைக்காவின் இதழ்களும் ஒரு கோணத்தில் பளிச்சிடும், அடுத்த கோணத்தில் அணைந்துவிடும். தங்கம் எந்தக் கோணத்திலும் ஒரே நிறம். உங்கள் உடம்பின் நிழலை அதன் மேல் விழவிட்டுப் பாருங்கள். நிழலிலும் மஞ்சளாக இருந்தால் அடுத்த சோதனைக்குப் போகலாம்.

அடுத்தது ஊசி. உருப்பெருக்கிக் கண்ணாடிக்குக் கீழே துகளை வைத்து ஊசி முனையால் அழுத்த வேண்டும். தங்கத்தின் கடினத்தன்மை மோஸ் அளவுகோலில் 2.5 முதல் 3 வரை. ஊசி அதில் குழி விழுத்தும், துகள் உடையாது. பைரைட்டின் கடினத்தன்மை 6 முதல் 6.5. ஊசி வழுக்கும், அழுத்திக் குத்தினால் பொடிப்பொடியாகும். மைக்கா இதழ் இதழாகப் பிரியும். தங்கத்துக்குப் பிளவுத்தளம் கிடையாது. உடைத்துப் பிரித்தால் இழுபட்டுக் கிழிந்த கம்பி போன்ற கூர்விளிம்பு தெரியும்.

மூன்றாவது, உரசிப் பார்ப்பது. பூச்சில்லாத வெள்ளைப் பீங்கானில் தேய்த்தால் தங்கம் பொன்மஞ்சள் கீற்று விடும். பைரைட்டும் சால்கோபைரைட்டும் பச்சை கலந்த கருங்கீற்று விடும். வெளியே மஞ்சளாக இருக்கும் பைரைட்டின் பொடி கருப்பு. நம் பொற்கொல்லர்கள் உரைகல்லில் செய்வதும் இந்தச் சோதனையின் வளர்ந்த வடிவமே. கருங்கல்லில் விழும் கீற்றின் நிறத்தை மாற்று தெரிந்த கம்பிகளின் கீற்றோடு ஒப்பிட்டு, கலப்பு எவ்வளவு என்று சொல்லிவிடுவார்கள். அந்தத் திறமை நம்மிடம் பல நூற்றாண்டுகளாக இருக்கிறது.

நான்காவது, ஒப்படர்த்தி. என் மதிப்பில் இதுவே எல்லாவற்றிலும் உறுதியான சோதனை. ஒரு பொருளைக் காற்றில் நிறுக்க வேண்டும், பிறகு நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு நிறுக்க வேண்டும். காற்றில் உள்ள எடையை, நீரில் குறைந்த எடையால் வகுத்தால் ஒப்படர்த்தி கிடைக்கும். 19.3 கிராம் சுத்தத் தங்கம் நீரில் 1 கிராம் குறையும். அதே எடையுள்ள பைரைட் ஏறத்தாழ 4 கிராம் குறையும். இயற்கைத் தங்கத்தில் வெள்ளி கலந்திருப்பதால் அதன் ஒப்படர்த்தி பொதுவாக 15க்கும் 19க்கும் இடையில் இருக்கும். பைரைட் 5, சால்கோபைரைட் 4.2, மைக்கா 3. இந்த இடைவெளி மிகப் பெரியது. பள்ளிக்கூடத் தராசே போதும். ஆனால் துகளில் குவார்ட்ஸ் ஒட்டியிருந்தால் எண் குறைந்து வரும். நாம் சாதாரணமாக வெங்கச்சாங்கல் என்று சொல்லும் குவார்ட்ஸின் ஒப்படர்த்தி 2.65தான். அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் தங்கத்தைத் தள்ளிவிடக் கூடாது.

கடைசியாக அமிலம். நைட்ரிக் அமிலம் தங்கத்தை ஒன்றும் செய்யாது. நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்ந்த இராஜதிராவகம் கரைத்துவிடும். இவை சதையை அரித்து நச்சுப்புகை விடுபவை. ஆய்வகத்தில், பயிற்சி பெற்றவரின் கண்காணிப்பில் மட்டுமே செய்ய வேண்டும். முதல் நான்கு சோதனைகளை முறையாகச் செய்தவருக்கு அமிலத்தின் தேவை அநேகமாக வராது.

இந்தப் பண்புகள் எல்லாம் எங்கிருந்து வருகின்றன? தங்க அணுவின் அமைப்பிலிருந்து. அதன் கருவில் 79 புரோட்டான்கள். அவ்வளவு மின்னேற்றம் இழுப்பதால் உள்வட்ட எலெக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தில் பாதிக்கு மேல் ஓடுகின்றன. ஐன்ஸ்டைனின் சார்பியல் விளைவு அங்கே வெளிப்படையாகவே செயல்படுகிறது. எலெக்ட்ரான் மட்டங்களின் இடைவெளி மாறி, தங்கம் நீல ஒளியை விழுங்கிக்கொள்கிறது. மிஞ்சுவது மஞ்சள். வெள்ளிக்கு அந்த விழுங்கல் புறஊதாப் பகுதியில் நடப்பதால் அது வெண்மையாகத் தெரிகிறது. தங்கத்தின் நிறம் அதன் உடம்பு முழுவதற்கும் உரியது. அதனால்தான் கோணம் மாறினாலும், பொடியாக்கினாலும் அது மாறுவதில்லை. தங்க அணுக்கள் உலோகப் பிணைப்பால் சேர்ந்திருப்பதால் ஓர் அடுக்கு இன்னோர் அடுக்கின் மேல் அறுபடாமல் நகரும், அதனால் அடித்தால் தகடாகும். பைரைட்டில் இரும்பும் கந்தகமும் குறிப்பிட்ட திசைகளில் கட்டுண்டவை. நகர்த்தினால் கட்டு அறும், கல் நொறுங்கும். மார்ஷலின் கல்லடி இந்த வேறுபாட்டைத்தான் வெளிக்கொண்டு வந்தது.

இங்கே எப்படி வந்தது?

புவியின் மேலோட்டில் தங்கம் மிக மிக அரிது. ஆயிரம் டன் சாதாரணப் பாறையில் சில கிராம்தான் இருக்கும். புவி தோன்றுவதற்கும் முன்னால், இந்த அணுக்கள் விண்மீன்களின் பேரழிவில் பிறந்தவை. 2017 ஆகஸ்ட் 17 அன்று இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதிய அதிர்வை லைகோ, விர்கோ ஈர்ப்பலை ஆய்வகங்கள் பதிவு செய்தன. அந்த மோதலின் பின்னொளியை ஆராய்ந்தபோது, தங்கம் போன்ற கனத்த தனிமங்கள் இத்தகைய மோதல்களில் உருவாகின்றன என்பதற்கு வலுவான சான்று கிடைத்தது. புவி உருகிய நிலையில் இருந்தபோது தங்கத்தின் பெரும்பகுதி இரும்போடு சேர்ந்து மையத்துக்கு இறங்கிவிட்டது. நமக்கு எட்டுவது மேலே தங்கிய சிறு பகுதி மட்டுமே.

பரவிக் கிடக்கும் அந்தச் சிறு பகுதியை ஓரிடத்தில் சேர்த்தது சூடான நீர். மலைகள் உருவாகும்போது பூமிக்கு அடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில் பாறைகள் அழுத்தப்பட்டு நீரை வெளிவிடுகின்றன. 200 முதல் 400 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள அந்த நீரில் கந்தகம் இருக்கும். எதிலும் எளிதில் கரையாத தங்கம் கந்தகத்தோடு சேர்ந்து இந்த நீரில் கரைந்து பயணம் செய்யும். பாறையில் வெடிப்பு விழும்போது அழுத்தம் சட்டென்று குறையும், நீர் வெடிப்பின் வழியே மேலேறும். அங்கே சிலிக்கா படிந்து வெள்ளைக் குவார்ட்ஸ் நாளமாகும், தங்கமும் அதனோடு படியும்.

இந்த இடத்தில் பைரைட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நாம் அதை ஏமாற்றுக் கல் என்கிறோம். ஆனால் தங்கத்தைச் சுமந்துவரும் நீர், இரும்பு நிறைந்த பாறையைத் தொடும்போது, நீரிலுள்ள கந்தகத்தைப் பாறையின் இரும்பு பிடித்துக்கொள்கிறது. அப்படித்தான் பைரைட் பிறக்கிறது. கந்தகத்தை இழந்த நீரால் தங்கத்தைத் தாங்க முடியாது, அதுவும் அங்கேயே படிகிறது. பைரைட்டைப் பிறப்பித்த வினையே தங்கத்தையும் இறக்கிவைக்கிறது. பைரைட் உள்ள இடமெல்லாம் தங்கம் இருக்காதுதான். ஆனால் தங்கம் தேடுபவர் பைரைட்டைக் கண்டு முகம் திருப்பவும் கூடாது.

இந்த உறவின் உச்சம் அமெரிக்காவின் நெவாடாவில் உள்ள கார்லின் பகுதி. 1961இல் அங்கே கண்டறியப்பட்ட படிவுகளில் தங்கம் கண்ணுக்கே தெரியாது. ஆர்செனிக் கலந்த பைரைட்டின் உள்ளே, மிக நுண்ணிய அளவில் பொதிந்திருக்கிறது. மணலை அரித்தும் காண முடியாது, நுண்ணோக்கியில் பார்த்தும் எளிதில் பிடிபடாது. ஆனாலும் உலகின் மிகப் பெரிய தங்க வளங்களில் அதுவும் ஒன்று. மஞ்சளாக மின்னுவதில் தங்கம் இல்லை, மின்னாத சாம்பல்நிறப் பாறையில் தங்கம் இருக்கிறது. கண்ணை மட்டும் நம்பினால் இரண்டு முறையும் தோற்போம்.

நாளத்தில் பிறந்த தங்கம் பிறகு ஆற்றுக்கு வருகிறது. மழையும் வெயிலும் பாறையைச் சிதைக்கின்றன, வெள்ளம் அடித்து வருகிறது. களத்தில் நெல் தூற்றும்போது பதர் பறந்து மணி காலடியில் விழுவது போல, ஓட்டம் தளரும் ஆற்று வளைவிலும் பாறை இடுக்கிலும் கனத்த தங்கம் முதலில் தங்கிவிடும், லேசான மணல் போய்விடும். தங்கத்தோடு மேக்னடைட், இல்மனைட், கார்னெட் போன்ற கனமான கருமணலும் சேரும். மணல் அரிப்பவர்கள் முதலில் கருமணலைத் தேடுவது இதனால்தான்.

இப்போது ஒரு தங்க மணியை நுண்ணோக்கியில் பாருங்கள். அது தன் வரலாற்றைச் சொல்லும். முனைகள் கூராக, குவார்ட்ஸ் ஒட்டியிருந்தால் தாய்ப்பாறை அருகில் இருக்கிறது. தட்டையாகி ஓரம் மழுங்கியிருந்தால் நெடுந்தூரம் உருண்டு வந்திருக்கிறது. மணியை வெட்டி மெருகேற்றிப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். நடுவில் வெள்ளி இருக்கும், விளிம்பில் வெள்ளி குறைந்து ஏறக்குறைய சுத்தத் தங்கமாக இருக்கும். ஆற்றில் கிடந்த காலத்தில் விளிம்பிலிருந்த வெள்ளி கரைந்து வெளியேறியிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் தங்க மணிகளின் மேல் பாக்டீரியப் படலம் வாழ்வதையும், தங்கம் கரைந்து மறுபடி படிவதில் அவற்றுக்குப் பங்கு இருப்பதையும் 2006இல் வெளியான ஆய்வு காட்டியது. பாதரசம் பட்ட மணி வெள்ளையாகத் தெரியும். சிறு சுரங்கக்காரர்கள் பாதரசம் கொட்டிய ஆறுகளில் இதைக் காணலாம். அந்தப் பாதரசம் மீன் வழியாக மனிதர் உடம்புக்கு வருவதைத் தடுப்பதையும் நோக்கமாகக் கொண்டு 2013இல் மினமாட்டா உடன்படிக்கை ஏற்பட்டது.

பெரிய கட்டிகளின் கதையும் இப்படித்தான். 1869இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் மொலியாகுல் அருகே ஜான் டீசனும் ரிச்சர்ட் ஓட்ஸும் கண்டெடுத்த ‘வெல்கம் ஸ்ட்ரேஞ்சர்’ கட்டியில் 70 கிலோவுக்கு மேல் தங்கம் இருந்தது. தரையிலிருந்து சில சென்டிமீட்டர் ஆழத்தில் கிடந்தது. மண்ணுக்குள்ளேயே கிழங்கு போல வளர்ந்தது என்று அந்தக் காலத்தில் பலர் நம்பினார்கள். ஆஸ்திரேலியாவின் அறிவியல் ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வின் ஆய்வாளர்கள் பல கட்டிகளை வெட்டிப் பார்த்தார்கள். உள்ளே வெள்ளி கலந்த படிக அமைப்பு, ஆழத்தில் அதிக வெப்பத்தில் உருவானதற்கான அடையாளங்களோடு இருந்தது. சுற்றியிருந்த பாறை அரிக்கப்பட்டுப் போக, கட்டி மிஞ்சியிருக்கிறது. சரி, ஒரே இடத்தில் அவ்வளவு தங்கம் சேர்ந்தது எப்படி? 2024இல் மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு விடையை முன்வைத்தார்கள். நிலநடுக்கத்தில் அழுத்தப்படும் குவார்ட்ஸ் மின்னழுத்தம் உண்டாக்கும், அது கரைசலிலிருந்து தங்கத்தை ஏற்கெனவே உள்ள தங்கத்தின் மேல் படியவைக்கும் என்று ஆய்வகத்தில் செய்து காட்டினார்கள். கேள்வி இன்னும் முடிந்துவிடவில்லை. அதுதான் மாணவர்களுக்கு மகிழ்ச்சியான செய்தி.

எடுக்கும் அளவுக்கு இருக்கிறதா?

தங்கம் இருப்பது வேறு, தங்கத் தாது இருப்பது வேறு. செலவைத் தாண்டி வரவு வந்தால்தான் பாறை தாதுவாகும். நம் அண்டையிலேயே இதற்கு இரண்டு பாடங்கள் உண்டு. இரண்டும் ஒரே காலத்தவை.

முதல் பாடம் நீலகிரி மாவட்டத்தின் தேவாலா, பந்தலூர்ப் பகுதி. அப்போது தென்கிழக்கு வயநாடு. அங்கே பழங்காலக் குழிகள் இருந்தன, பழங்குடி மக்கள் ஓடைகளில் பொன் அரித்தார்கள், குவார்ட்ஸ் நாளங்களில் தங்கம் உண்மையாகவே இருந்தது. விக்டோரியாவிலிருந்து வரவழைக்கப்பட்ட சுரங்க வல்லுநர் பிரஃப் ஸ்மித்தின் அறிக்கை 1880இல் வந்ததும் லண்டனில் நிறுவனங்கள் வரிசையாக முளைத்தன. இயந்திரங்கள் மலையேறின. ஆனால் பாறையை இடித்தபோது டன்னுக்குக் கிடைத்தது மிகச் சொற்பம். சில ஆண்டுகளில் எல்லாம் ஓய்ந்தது, இயந்திரப் பாகங்கள் காட்டுக்குள் துருப்பிடித்துக் கிடந்தன. அங்கே முதல் கேள்விக்கு விடை ‘ஆம்’. மூன்றாவது கேள்வியைச் சரியாகக் கேட்பதற்குள் பணம் போய்விட்டது.

இரண்டாவது பாடம் கோலார் தங்கவயல். 1802இல் நில அளவைக்கு வந்த ஜான் வாரன், ஊர் மக்கள் மண்ணை அரித்துப் பொன் எடுப்பதைப் பதிவு செய்தார். 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்க நிர்வாகத்தை ஏற்றது. அங்கேயும் தொடக்கத்தில் பங்குதாரர்கள் மனம் தளர்ந்தார்கள். பழைய குழிகளுக்கு அடியில் இன்னும் ஆழமாகத் தோண்டியபோதுதான் சாம்பியன் நாளம் அகப்பட்டது. சுமார் 270 கோடி ஆண்டுகள் பழைய, இரும்பு மிகுந்த பாறையை ஊடுருவிய குவார்ட்ஸ் நாளம் அது. மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் வரை தொடர்ந்தார்கள். அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும். 2001 பிப்ரவரி 28 அன்று மூடும் வரை ஏறத்தாழ 800 டன் தங்கம் அங்கிருந்து வந்தது. அதை வெட்டியெடுத்தவர்களில் பெரும்பகுதியினர் தமிழர்கள். வட ஆர்க்காட்டிலிருந்தும் சுற்றுவட்டாரங்களிலிருந்தும் போனவர்கள். கல்தூசு நுரையீரலில் படிந்து மாண்டவர்களும், ஆழத்தில் பாறை வெடித்து மாண்டவர்களும் அவர்களில் பலர். தங்கத்தின் புவியியலைப் பேசும் எந்தத் தமிழ் மேடையும் அவர்களை வணங்காமல் கடந்து போகக் கூடாது.

எவ்வளவு தங்கம் இருக்கிறது என்று அளப்பது ஏன் இவ்வளவு கடினம்? டன்னுக்கு 5 கிராம் உள்ள பாறையை நல்ல தாது என்பார்கள். அந்த 5 கிராமையும் ஒன்றாகத் திரட்டினால் 8 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஒரே மணிதான். அது ஒரு டன் பாறையில் எங்கெங்கோ சிதறிக் கிடக்கிறது. சோதனைக்கு எடுக்கும் பொடியோ 30 அல்லது 50 கிராம். அதில் ஒரு தங்கத் துகள் தற்செயலாக வந்துவிட்டால் பாறை செல்வக் களஞ்சியமாகத் தெரியும், வராவிட்டால் வெறும் கல்லாகத் தெரியும். எனவே நூற்றுக்கணக்கான இடங்களில் துளையிட்டு, ஒவ்வொன்றையும் பிரித்து, கலந்து, திரும்பத் திரும்பச் சோதிக்க வேண்டியிருக்கிறது. சோதனை முறை பழமையானது. பொடியை ஈய ஆக்சைடோடு சேர்த்து உருக்கினால் ஈயம் தங்கத்தையும் வெள்ளியையும் திரட்டிக்கொள்ளும். எலும்புச் சாம்பலால் செய்த கிண்ணத்தில் புடமிட்டால் ஈயத்தைக் கிண்ணம் உறிஞ்சிவிடும். மிஞ்சும் மணியில் உள்ள வெள்ளியை நைட்ரிக் அமிலத்தில் கரைத்தபின் தங்கத்தை நிறுக்கலாம். இன்றைய சுரங்க நிறுவனங்களும் பெரிதும் நம்பியிருப்பது இந்த முறையைத்தான்.

இனி, மூன்று கேள்விகளும் ஒன்றுசேரும் ஒரு வழக்கைச் சொல்கிறேன். 1990களில் கனடாவின் பிரி-எக்ஸ் நிறுவனம், இந்தோனேசியாவின் கிழக்குக் கலிமந்தானில் புசாங் என்ற இடத்தில் மாபெரும் தங்க வளம் இருப்பதாக அறிவித்தது. நிறுவனத்தின் சந்தை மதிப்பு 600 கோடி கனடா டாலரைத் தாண்டியது. துளையிட்டு எடுக்கும் பாறை உருளையை நெடுக்கே பிளந்து, ஒரு பாதியைச் சோதனைக்கு அனுப்பி, மறுபாதியைப் பாதுகாத்து வைப்பதுதான் வழக்கம். அங்கே ஏறக்குறைய முழு உருளையையும் நசுக்கி அனுப்பினார்கள். 1997இல் வேறொரு நிறுவனம் பக்கத்திலேயே துளையிட்டுப் பார்த்தபோது தங்கம் சொல்லும்படியாக இல்லை. பொடியில் இருந்த தங்க மணிகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார்கள். மணிகள் உருண்டு மழுங்கியிருந்தன. விளிம்பில் வெள்ளி குறைந்திருந்தது. அவை ஆற்றுத் தங்கம். பூமிக்கு அடியில் திடப்பாறையில் பிறந்த தங்கத்துக்கு அந்த வடிவமும் இல்லை, அந்த விளிம்பும் இல்லை. யாரோ ஆற்றுத் தங்கத்தை வாங்கிப் பாறைப் பொடியில் கலந்திருக்கிறார்கள். முதலீட்டாளர்களின் பணம் காற்றில் போயிற்று.

இந்த வழக்கைக் கவனியுங்கள். இது தங்கமா என்று கேட்டிருந்தால் ‘ஆம்’ என்பது சரியான விடை. எவ்வளவு என்று கேட்டிருந்தால் ஆய்வகம் தந்த எண் அந்தப் பொடியைப் பொறுத்தவரை சரியான எண். இங்கே எப்படி வந்தது என்ற நடுக்கேள்விக்குத்தான் பொய் சொன்னார்கள். அந்தப் பொய்யை உடைத்தது அரை மில்லிமீட்டர்கூட இல்லாத மணிகளின் ஓரம். ஒரு கனிமத்தை அறிவது என்றால் அதன் பெயரை அறிவதோடு முடிவதில்லை. அது பிறந்த இடத்தையும் வந்த வழியையும் சேர்த்து அறிந்தால்தான் அறிவு முழுமையாகும்.

நாம் செய்யக்கூடியது

இந்த அரங்கில் ஆசிரியர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்களிடம் மூன்று வேண்டுகோள்களை வைத்து முடிக்கிறேன்.

ஒன்று: ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளியிலும் ஒரு கனிமப் பெட்டி வேண்டும். அதற்குப் பெரிய செலவில்லை. பூச்சில்லாத பீங்கான் ஓட்டுத் துண்டு, உருப்பெருக்கி, ஊசி, தராசு, ஒரு குவளை தண்ணீர். கூடவே பைரைட், சால்கோபைரைட், மைக்கா, குவார்ட்ஸ் ஆகியவற்றின் மாதிரிகள். எது எது என்று சொல்லிக் கொடுக்காமல், சோதித்துக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். நான்கு சோதனைகளின் முடிவையும் எழுதிய பிறகுதான் பெயர் எழுத வேண்டும் என்று விதி வையுங்கள்.

இரண்டு: எடுத்த இடம் எழுதப்படாத கல்லுக்கு அறிவியல் மதிப்பு மிகக் குறைவு. எந்த ஊர், எந்த ஓடை அல்லது எந்த வெட்டு, எந்த ஆழம், பக்கத்தில் என்ன பாறை, எந்த நாள் என்று சீட்டு எழுதி ஒட்டும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். தங்கவயலில் வேலை பார்த்த குடும்பங்களில் இன்றும் பாறைத் துண்டுகள், குறிப்பேடுகள், நினைவுகள் இருக்கும். அந்த நினைவுகளோடு சேர்த்து அந்தக் கற்களைப் பதிவு செய்யும் பணியைப் பல்கலைக்கழகத் துறைகள் தாமதமின்றி எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தத் தலைமுறை நம்மோடு இருக்கும்போதே அது நடக்க வேண்டும்.

மூன்று: தங்கப் புதையல், தங்கச் சுரங்கப் பங்கு, ‘ஆற்றில் தங்கம்’ என்று யாராவது உங்களிடமோ உங்கள் பெற்றோரிடமோ பணம் கேட்டு வந்தால், இந்த மூன்று கேள்விகளையும் இதே வரிசையில் கேளுங்கள். மூன்றுக்கும் சான்றோடு விடை சொல்லாதவருக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். ஃப்ரோபிஷரின் காலத்திலிருந்து பிரி-எக்ஸ் வரை, ஏமாந்தவர்கள் தங்கத்தால் ஏமாறவில்லை, கேட்க வேண்டியதைக் கேட்காததால் ஏமாந்தார்கள். கேட்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு கல்லடியும் ஒரு குவளை தண்ணீரும் போதுமானதாக இருந்தன. அந்தக் கேட்கும் திறனை நம் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே கொடுக்க முடியும், கொடுக்க வேண்டும்.